சாம்பார் தீர்ந்துபோன கல்லூரி

நம் மையத்தில் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருப்பதாக முதலாளி போன் பண்ணிச் சொன்னார். உங்களுக்காக என் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தரச் சொன்னார். நேரில் வந்து பேசக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். எழுதச் சொன்னால் கை வலித்து நானே நிறுத்திவிடுவேன் என்று நினைத்திருப்பார். மில்லர்புரத்தில் என் வீட்டு மாடியில், காற்று வருகிற பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்தது ஒரே வேலை. எம்பிஏ படிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு எந்தக் கல்லூரி என்று சொல்வது. நுழைவுத் தேர்வு மதிப்பெண், அங்கீகாரம், கட்டணம், தரவரிசை இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுப்பார்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நான் அதைத் தொடப்போவதில்லை. எல்லாத் தாளும் சரியாக இருந்தும் நான் தவறாகச் சொன்ன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முதலாளி இதைப் படித்துவிட்டு இரண்டொரு இடத்தை வெட்டச் சொல்வார். வெட்டினால் தர மாட்டேன் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அதற்கு முன்னால், நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் விழுந்தது எவ்வளவு உயரத்திலிருந்து என்பது புரியாது.

ஒருமுறை ஒரு கல்லூரியிலிருந்து வழவழவென்று ஒரு கையேடு வந்தது. அதில் வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. ஒரு பையனின் படத்துக்குக் கீழே, நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் நிர்வாகி என்று போட்டிருந்தது. உள்ளூர்க்காரனாயிற்றே, பார்த்துவிடுவோம் என்று விசாரித்துக்கொண்டு போனேன். கொதிக்கிற வெயிலில், கன்டெய்னர் முற்றத்தில், தலையில் மஞ்சள் தொப்பியோடு நின்று பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தான். டாலி கிளார்க் வேலை. அதற்கு எம்பிஏ வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பே தாராளம். கல்லூரி வாங்கிக் கொடுத்த வேலையா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "எங்க மாமா இங்கன சூப்பர்வைசர் மேடம். காலேஜ்ல போட்டோ மட்டுந்தான் எடுத்தாங்க" என்றான்.

அந்தக் கல்லூரியின் பெயரை அன்றைக்கே நம் பட்டியலிலிருந்து அடித்தேன். பிறகு எந்தக் கையேடு வந்தாலும், அதில் நம் ஊர்ப் பெயர் இருந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மேடத்தை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஊருக்குள் பேச்சு பரவியது. ஏரல், ஆத்தூர் பக்கத்து விவசாயிகள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து, மதிப்பெண் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் சொன்னால் சரி என்று கைகட்டி நிற்பார்கள். காயல்பட்டினத்திலிருந்து வருகிற பையன்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைப்பார்கள். துபாயிலிருந்து வாப்பா பேசுவார், நான் பதில் சொல்வேன், பையன் பேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பத்து நிமிடத்தில் அவனுடைய இரண்டு வருடத்தை நாங்கள் இருவரும் முடிவு செய்துவிடுவோம். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்படி இருந்த நாளில்தான் இசக்கியம்மாள் வந்தாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். பி.காம் முடித்துவிட்டு ஆறு வருடமாக நம் ஊரில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வந்து போகிறவரைக்கும் அதற்கு வேண்டிய எல்லாத் தாள்களையும் தயார்செய்கிற பிரிவு. அவளுக்கு ஒரே ஆசை, அதே அலுவலகத்தில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஆக வேண்டும்.

"அந்தச் சீட்டுக்கு எப்பவும் வெளியூர்லருந்துதான் ஆள் வாராங்க மேடம்" என்றாள். "எம்பிஏ படிச்சவங்க. வந்ததும் மொத மாசம் எங்கிட்டதான் எல்லாத்தையும் கேட்டுப் படிச்சுக்கிடுவாங்க. ரெண்டாவது மாசத்துலருந்து மீட்டிங்குக்குக் கதவச் சாத்திக்கிடுவாங்க. நான் டைப் அடிச்ச பேப்பரு உள்ள இருக்கும், நான் வெளிய இருப்பேன்."

அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வருடம் வாங்கியிருந்தாள். இரண்டே வருடம். அதற்குள் படித்து முடித்தாக வேண்டும், அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுத்தால் மறுபேச்சு பேசக் கூடாது. வேலையையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அலுவலகம் அவளுக்காக இடத்தை வைத்திருக்காது. தவறான கல்லூரியில் போய்ச் சேர்ந்தால் திரும்ப ஒரு தடவை முயற்சி செய்ய அவளுக்கு வழியே கிடையாது. இதையெல்லாம் அவள் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டாள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் எதையும் சொல்ல முடியாது.

பிறகு பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து வைத்தாள். இந்த இடத்தில் கப்பல் அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யாராவது ஒருவர் பணம் கட்டியாக வேண்டும். யார் கட்டுவது என்று பின்னால் சண்டை வரும். அதனால் கப்பல் வந்ததிலிருந்து புறப்படுகிறவரை எந்த மணிக்கு என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வருவார்கள். மழை தொடங்கிய நேரம், வேலை நின்ற நேரம், கிரேன் பழுதான நேரம், பழுது நீங்கிய நேரம். ஏன் நடந்தது, யார் மேல் தப்பு, நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை இருக்காது. நடந்தது மட்டும்தான் இருக்கும். கடைசியில் கப்பல் கேப்டனும் ஏஜென்டும் கையெழுத்துப் போடுவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. நான் நேரத்தாள் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இசக்கி ஆறு வருடமாக நேரத்தாள் டைப் அடித்தவள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றதும் அவளுக்குத் தெரிந்த வழியில் இறங்கிவிட்டாள். மூன்று நாள் விடுப்பு எடுத்து, மூன்று கல்லூரிக்கும் போய், சேர விரும்புகிறேன், ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். இரண்டு கல்லூரியில் விட்டார்கள். மூன்றாவதில் வகுப்புக்குள் விடவில்லை. பேட்டரி வண்டியில் ஏற்றி வளாகத்தைச் சுற்றிக்காட்டி, ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளில் மொத்தமே நான்கு வரிதான் என்று அவளே சொன்னாள்.

முதல் கல்லூரி வடக்கே, ஆறு மணி நேரப் பயணம். அதன் தாள் பார்க்கவே அழகாக இருந்தது. 9.00 மணி அடித்தது. 9.02 ஆசிரியர் வந்தார். மாணவர் 58 பேர். 9.50 வகுப்பு முடிந்தது. கேள்வி: இல்லை. 9.55 அடுத்த ஆசிரியர் வந்தார். கேள்வி: இல்லை. 12.45 சாப்பாடு. பொரியல் இரண்டு, அப்பளம் உண்டு. இப்படியே மாலை நான்கு மணிவரை ஒரு நிமிடம் பிசகாமல் ஓடியது.

இரண்டாவது கல்லூரி மதுரையிலிருந்து கொஞ்ச தூரம். அதன் தாள் இப்படி இருந்தது. 9.00 மணி அடித்தது. 9.12 ஆசிரியர் வந்தார். மாணவர் 31 பேர். 9.20 ஒரு மாணவி, ஆசிரியர் சொன்ன கணக்கு தவறு என்றார். 9.20 முதல் வாக்குவாதம். 10.00 மணி அடித்தது, யாரும் எழவில்லை. 10.05 அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். 10.11 அவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார். 10.40 வாக்குவாதம் முடிந்தது. 1.40 சாப்பாடு. சாம்பார் தீர்ந்துவிட்டது. ரசமும் மோரும் மட்டும்.

சாம்பார் தீர்ந்துவிட்டது என்கிற வரியைப் படித்து நான் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து முதல் கல்லூரியிலிருந்து போன் வந்தது. சில இடங்களே பாக்கி, நான்கு மணிக்குள் பணம் கட்டச் சொல்லுங்கள் என்றார்கள். வெளியே இன்னும் மூன்று குடும்பம் காத்திருந்தது. முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் அப்படி எட்டிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் நம் மையத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் கல்லூரியோடு நமக்கு ஒப்பந்தம் இருந்தது. நாம் அனுப்பிச் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொகை வரும். இரண்டாவது கல்லூரியோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை.

நான் இசக்கியிடம் முதல் கல்லூரியில் சேரச் சொன்னேன். காரணமும் சொன்னேன். நேரத்துக்கு வகுப்பு நடக்கிற இடத்தில்தான் படிப்பு நடக்கும், மணி அடித்தும் எழாத இடத்தில் ஒழுங்கு இருக்காது, பெண்பிள்ளை விடுதியில் தங்கப் போகிறாய், நேரத்துக்குச் சோறு கிடைக்க வேண்டாமா என்றெல்லாம் கோவையாகப் பேசினேன். அவள் தாள்களை மடித்துப் பையில் வைத்தாள். சரி மேடம் என்றாள். மூன்றரை மணிக்குப் பணம் கட்டிவிட்டாள். அந்த வாரமே வேலையையும் விட்டுவிட்டாள்.

வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆனபோது ஒரு சனிக்கிழமை காலையில் திரும்பி வந்து நின்றாள். அழவில்லை, கோபமும் இல்லை. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன்.

முதல் கல்லூரியில் எல்லாம் அவள் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது போலவேதான் நடந்ததாம். நேரத்துக்கு வகுப்பு, நேரத்துக்குச் சோறு, கேள்வி இல்லை. மூன்றாவது வாரம் ஒரு வகுப்பில் துறைமுகக் கணக்கு வந்திருக்கிறது. மழையில் வேலை நின்றால் கப்பல் காத்திருக்கிற நேரத்தை யார் தலையில் எழுதுவது என்கிற கணக்கு. சரக்குக்காரர் தலையில்தான், எப்போதும் அப்படித்தான் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஆறு வருடம் அந்தத் தாளையே டைப் அடித்தவள் சும்மா இருப்பாளா? கையைத் தூக்கி, அப்படி இல்லை சார், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது என்றிருக்கிறாள். ஆசிரியர் கோபப்படவில்லை. பரீட்சைக்கு இது போதும்மா, உட்காரு என்றிருக்கிறார். ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"எனக்குத் தெரிஞ்சத நான் மறந்தாத்தான் மேடம் அங்கன பாஸ் பண்ண முடியும்" என்றாள்.

அந்த வகுப்பு நடந்த அன்று சாயங்காலமே அவள் இரண்டாவது கல்லூரிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். சேர்ந்தவர்களில் ஒருவர் விலகிவிட்டதால் ஒரு இடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அசல் சான்றிதழ்கள் முதல் கல்லூரியின் இரும்பு அலமாரியில் இருந்தன. சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் பல இடத்தில் உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். கேட்கப் போனவளிடம் நிர்வாக அதிகாரி, நீயாக விரும்பித்தானே சேர்ந்தாய், இரண்டு வருடத்துக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றிருக்கிறார். நானாகச் சேரவில்லை, ஆலோசனை மையத்தில் சொல்லித்தான் சேர்ந்தேன் என்று இவள் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று உங்கள் மையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வா, அப்போது பார்க்கலாம் என்றாராம். எந்த மையமும் அப்படி எழுதித் தராது என்பது அவருக்குத் தெரியும்.

இசக்கி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அது அவள் என் அறைக்கு வந்த நாளின் நேரத்தாள்.

11.10 தாள்கள் மூன்றும் மேடத்திடம் தரப்பட்டன. 11.10 முதல் 11.14 முதல் தாள் படிக்கப்பட்டது. 11.14 இரண்டாவது தாள் எடுக்கப்பட்டது. 11.15 மேடம் சிரித்தார். 11.15 தொலைபேசி வந்தது, முதல் கல்லூரி. 11.19 பேச்சு முடிந்தது. 11.20 உரிமையாளர் கதவைத் திறந்து பார்த்தார். 11.21 மேடம் முதல் கல்லூரி என்றார். மூன்றாவது தாள் பிரிக்கப்படவில்லை.

அவ்வளவுதான். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டு, ஒன்றில் அவள் போட்டிருந்தாள். என் கையெழுத்துக்கு விட்ட இடத்துக்குப் பக்கத்தில் மூன்று விரற்கடை அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது.

"மறுப்பு இருந்தா அங்கன எழுதிட்டுக் கையெழுத்துப் போடலாம் மேடம். கேப்டனுக்கும் அப்படித்தான் விடுவோம்" என்றாள்.

நான் இரண்டு தடவை படித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தாளில் ஒரு வரியைக் கூட என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை. அவளுடைய வாழ்க்கையின் இரண்டு வருடத்துக்கு நான் செலவழித்தது பதினொரு நிமிடம், அதில் நான்கு நிமிடம் போன். மணி அடித்தும் யாரும் எழவில்லை என்பதை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் எழுந்து கணக்கு தவறு என்று சொன்னால், ஆசிரியர் அவளை உட்காரச் சொல்லாமல் எண்பது நிமிடம் நின்று பேசுகிற கல்லூரி அது. அடுத்த ஆசிரியர் கூட, என் நேரம் போகிறது என்று சண்டைக்கு வராமல், உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பேசி முடித்துவிட்டுத் தாமதமாகச் சாப்பிடப் போனார்கள், சாம்பார் தீர்ந்திருந்தது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருத்திக்கு எந்த இடம் வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருந்தது. நான் சாம்பாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

புத்தி தடுமாறித்தான் அப்படிப் படித்தேனா, இல்லை அலுவலகத்துக்கு எது வசதியோ அப்படிப் படித்தேனா என்று நீங்கள் கேட்கலாம். அதே கேள்வியை நானும் பலமுறை கேட்டுக்கொண்டேன். முதலாளி எட்டிப் பார்த்திராவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் அப்படித் தோன்றாது. இதில் எனக்கு இன்றுவரை நிச்சயம் இல்லை.

வெற்றிடத்தில் நான் எழுதினேன்: இரண்டாவது தாளை நான் சரியாகப் படிக்கவில்லை. முதல் கல்லூரியோடு எங்கள் மையத்துக்கு ஒப்பந்தம் உண்டு என்பதை இவரிடம் சொல்லவில்லை. பரிந்துரை தவறு, தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். முத்திரை முதலாளியின் மேசையில் இருந்தது. எழுந்து போய்த் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். பிறகு, ஒரு பிள்ளைக்காக இதைக் கொடுத்தால் ஒப்பந்தம் போய்விடும், இந்த வருடம் சேர்த்த மற்ற பிள்ளைகளின் தகப்பன்மாரும் வாசலில் வந்து நிற்பார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வந்தால் அவர்களோடும் உட்கார்ந்து பேசுவோம் என்றேன். முத்திரை இல்லாமல் என் கையெழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு, இன்றோடு வீட்டுக்குப் போகவும் தயார் என்றேன். கொஞ்சம் வீராப்பாகத்தான் சொன்னேன், சம்பளம் இல்லாமல் முடியாது என்பது எனக்குத் தெரியும். என் பையன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். முதலாளி முத்திரையை எடுத்து என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் கையால் குத்தவில்லை, நான்தான் குத்தினேன். நான்கு மாதம் என்னோடு வேலை விஷயத்தைத் தவிர வேறு பேசவில்லை. ஆனால் வரவேற்பு மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு, எந்தெந்தக் கல்லூரியோடு நமக்கு ஒப்பந்தம் என்று ஒரு பட்டியல் தொங்குகிறதல்லவா, அதை மாட்டியவர் அவர்தான். அந்த நான்கு மாதத்துக்குள், எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் மாட்டினார்.

திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் மூன்று பேர் புறப்பட்டோம். நான், இசக்கி, அவளுடைய அப்பா. அவர் வேட்டி சட்டையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை எனக்கென்று கொண்டுவந்திருந்தார். அதை வாங்கும்போது எனக்குக் கை கூசியது. அவருக்கு மகள்மேல்தான் வருத்தம். மூன்று வாரத்தில் கல்லூரி பிடிக்கவில்லை என்கிறாளே, நாளைக்குப் புகுந்த வீட்டையும் இப்படித்தான் சொல்வாளோ என்று வழியெல்லாம் புலம்பினார். தப்பு என்னுடையது என்று நான் சொன்னேன். அவர் அதை மரியாதைக்குச் சொல்கிற பேச்சாக எடுத்துக்கொண்டார்.

நிர்வாக அதிகாரி தாளை வாங்கி முத்திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒப்பந்தம் பற்றிய வரிக்கு வந்ததும் எழுந்து உள் அறைக்குப் போய்விட்டார். உள்ளே யாரோடோ போனில் பேசுவது கேட்டது. இந்தத் தாளுக்கு நகல் இருக்கிறதா என்று திரும்பி வந்து கேட்டார். எங்கள் கோப்பில் ஒன்று இருக்கிறது என்றேன். பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பது வெளியே தெரிவதை அவர்கள் விரும்பவில்லை. ஒன்றரை மணிக்கு அலமாரியைத் திறந்து சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டார்கள். கட்டிய பணத்தில் ஒரு பகுதி வரவில்லை. இனிமேல் எங்கள் மையத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அதிகாரி வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போனார். சான்றிதழ் உறையை இசக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்தேன்.

அங்கிருந்து நேராக மதுரைக்குப் பஸ் ஏறினோம். இரவு அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் இரண்டாவது கல்லூரிக்குப் போவதாகத் திட்டம். நான் மதுரையில் இறங்கி ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் அப்பா, நடுவில் இசக்கி, இந்தப் பக்கம் நான். பஸ் ஊரைத் தாண்டியதும் அவர் முன்னால் குனிந்து, மகளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"அம்மா, இந்த ரெண்டாவது காலேஜாவது நல்ல காலேஜுதானா? நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீகன்னா நிம்மதியாப் போயிருவேன்."

இவ்வளவு நடந்த பிறகும் அவர் என்னிடம்தான் கேட்டார். பழக்க தோஷத்தில் நானும் வாயைத் திறந்துவிட்டேன். நல்ல கல்லூரிதான் என்று சொல்ல வந்தவள், இடையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு என் அறைக்குள் வரும்போது நீயாக எந்தக் கல்லூரியை நினைத்திருந்தாய் என்று அவளிடம் கேட்டேன்.

"ரெண்டாவதுதான் மேடம்" என்றாள்.

அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"நேரத்தாள்ல நாங்க அபிப்பிராயம் எழுத மாட்டோம் மேடம். யாராவது கேட்டா வாயால சொல்லுவோம்." உறையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "நீங்க கேக்கல. வீட்லயும் கேக்கல. எங்க படிக்கணும்னு அப்பா இப்பவும் உங்களத்தான் கேக்காவ. எத்தன வருசம்னு அம்மா அப்பாவக் கேட்டா. எங்கிட்ட யாருமே ஒண்ணுமே கேக்கல."

அவள் குரலை உயர்த்தவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடத்துநர் வந்து சில்லறை கேட்டுவிட்டுப் போனார். பிறகு அப்பா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சரி, நீ சொல்லுளா. அந்தக் காலேஜ்ல அப்படி என்ன கண்ட?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கணக்கு தவறு என்று எழுந்து சொன்ன அந்த மாணவி போட்டிருந்த கண்ணாடியிலிருந்து ஆரம்பித்தாள். ஆசிரியர் கரும்பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுதியதைச் சொன்னாள். கணக்கு அப்போதும் தவறாகவே வந்ததாம், அவரே சிரித்துவிட்டாராம். சாப்பிடப் போன இடத்தில், நீ எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறாய் என்று அந்த மாணவி கேட்டதையும், கப்பல் வேலை என்றதும் நான்கு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சுற்றி உட்கார்ந்ததையும் சொன்னாள். இதெல்லாம் தாளில் இல்லை. மேலூர் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தாள். அப்பா எப்போது ஜன்னலிலிருந்து திரும்பினார் என்று நான் கவனிக்கவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ வருடமாக இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு பிள்ளை, தான் எங்கே படிக்க விரும்புகிறது என்று சொல்லி நான் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.